போனுக்கு முகமா, கைரேகையா? உங்க பேங்க் ஆப்பே பதில் சொல்லிடும்

புது போன் வாங்கினவங்க நிறைய பேருக்கு வர்ற குழப்பம் இது. முகத்தைக் காட்டினா போன் டக்குனு திறக்குது, ஆனா பேங்க் ஆப்புக்குள்ள போனா கைரேகைதான் கேக்குது, முகத்தைச் சீண்டவே மாட்டேங்குது. கோலாலம்பூர் லோ யாட் மால்ல வாங்கின கடைக்கே திரும்பிப் போய் "ஆப் சரியா வேலை செய்யல பாஸ்"னு நிக்கறவங்களும் உண்டு. ஆப்ல கோளாறு இல்ல, போன்லயும் கோளாறு இல்ல. அந்தப் போனோட முக அன்லாக் பேங்க் காசுக்குக் காவல் நிக்க லாயக்கு இல்லன்னு போன் கம்பெனிக்கே தெரியும், ஆப்கிட்ட அதைச் சொல்லியும் வெச்சிருக்கு. வெளம்பரத்துல மட்டும் சொல்ல மாட்டாங்க.

முன்னாடி இது இவ்வளவு பெரிய விஷயமா இல்ல. 2022 செப்டம்பர்ல நம்ம மலேசியாவோட மத்திய வங்கி பேங்க் நெகாரா எல்லா பேங்கையும் எஸ்எம்எஸ்ல வர்ற டேக் நம்பரை (ஓடிபி) விட்டுட்டு இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறச் சொல்லுச்சு, ஒரு ஆளுக்கு ஒரு போன்லதான் ஒப்புதல் குடுக்கற வசதின்னும் சொல்லுச்சு. அதுக்கப்புறம் காசு அனுப்பற ஒப்புதல் எல்லாம் ஆப்புக்குள்ளயே நடக்குது, அதுக்கு போன் விரலையோ முகத்தையோ கேக்குது. அதனால "முகம் நல்லதா விரல் நல்லதா"ங்கற கேள்வி இப்ப நேரா சேமிப்புக் கணக்கு வரைக்கும் போகுது. கேள்வியே கொஞ்சம் தப்பான கேள்விதான், ஏன்னு அடியில இருந்து பாப்போம்.

போனுக்குள்ள என்ன நடக்குது

1. பதிவு. விரலைத் திருப்பித் திருப்பி வைக்கச் சொல்றப்பவும், முகத்தை வட்டமா சுத்தச் சொல்றப்பவும் போன் அதுல இருந்து அடையாளங்களைக் கணக்காப் பிரிச்சு எடுக்குது. ரேகை எங்க முடியுது, எங்க ரெண்டாப் பிரியுது, கண்ணுக்கும் மூக்குக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு பள்ளம், இந்த மாதிரி. இந்தக் கணக்குக்குப் பேரு டெம்ப்ளேட்.

2. பூட்டி வைக்கறது. டெம்ப்ளேட் உங்க கேலரியிலயோ கிளவுட்லயோ இருக்காது. ஐபோன்ல செக்யூர் என்கிளேவ்னு தனிப் பகுதி, நல்ல ஆண்ட்ராய்டுல டிரஸ்டட் எக்ஸிக்யூஷன் என்விரான்மென்ட்னு தனிப் பகுதி, அதுக்குள்ளதான் இருக்கும். பேங்க் ஆப்போ வாட்ஸ்அப்போ அதை எட்டிப் பாக்க முடியாது.

3. ஒப்பிடறது. நீங்க விரல் வைக்கறப்ப புதுசா எடுத்த கணக்கையும் பழைய டெம்ப்ளேட்டையும் அந்தப் பகுதி உள்ளயே ஒப்பிட்டுப் பாத்து "ஆமா"ன்னோ "இல்ல"ன்னோ ஒரே ஒரு பதில்தான் வெளிய அனுப்பும். ஆப்புக்குக் கிடைக்கறது அந்தப் பதில் மட்டும்தான். "என் விரல் ரேகை பேங்குக்குப் போயிடுச்சா"ன்னு பயப்படறவங்களுக்கு இதுதான் பதில், போகல. முகத்துல மட்டும் ஒரு வில்லங்கம் இருக்கு, அதைக் கீழ தனியா சொல்றேன்.

4. பின் நம்பர். விரலும் முகமும் பின் நம்பருக்குப் போட்ட குறுக்கு வழி, அவ்வளவுதான். போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா முதல் தடவை பின்தான் கேக்கும், ஏன்னா உள்ள பூட்டி வெச்ச தகவலைத் திறக்கற சாவி பின் நம்பர்ல இருந்துதான் உருவாகுது. ஐபோன் 48 மணி நேரம் திறக்காம கிடந்தாலும், முகமோ விரலோ அஞ்சு தடவை ஒத்து வராமப் போனாலும் பாஸ்கோட் கேக்கும்.

தப்பு மூணு விதம்

எந்த சென்சாரும் நூத்துக்கு நூறு இல்ல. ஆனா "தப்பு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டா பிடி கிடைக்காது.

1. உங்களையே தெரியலன்னு சொல்றது. கடுப்பாகும், ஆனா காசு போகாது.

2. முன்பின் தெரியாத யாரோ ஒருத்தர் தற்செயலா வெச்சு அது திறந்துடறது. ஆப்பிள் சொல்ற கணக்குப்படி டச் ஐடியில (ஐபோன் கைரேகை) ஒரு விரல் பதிஞ்சிருந்தா இதுக்கான வாய்ப்பு 50,000ல ஒண்ணுக்கும் கம்மி, ஃபேஸ் ஐடியில (ஐபோன் முகம்) ஒரு மில்லியன்ல ஒண்ணுக்கும் கம்மி. புக்கிட் ஜாலில் ஸ்டேடியம் நிறைஞ்சா 80,000 பேருக்கு மேல, அத்தனை பேரும் வரிசையா வந்து உங்க போன்ல விரல் வெச்சா ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோ திறக்கலாம்னு வெச்சுக்கலாம். இதுல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு: அஞ்சு விரலும் பதிஞ்சு வெச்சா அந்த 50,000 அப்படியே 10,000 ஆயிடும், ஒவ்வொரு விரலும் ஒரு கூடுதல் வாசல்தானே.

3. உங்களைக் குறி வெச்சு ஒருத்தர் போட்டோவோ, பசையில செஞ்ச போலி விரலோ, முகமூடியோ கொண்டு வந்து ஏமாத்தறது. மேல சொன்ன மில்லியன் கணக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு மில்லியன் பேரை வெச்சு டெஸ்ட் பண்ணி ஜெயிச்ச போன் உங்க ஃபேஸ்புக் போட்டோ ஒண்ணுகிட்ட தோத்துப் போகலாம்.

கடையில சொல்ற நம்பரும் வெளம்பரத்துல வர்ற நம்பரும் பெரும்பாலும் ரெண்டாவது வகை. பேங்க் ஆப் கவலைப்படறது மூணாவதுக்கு.

கைரேகை சென்சார் எல்லாம் ஒரே மாதிரி இல்ல

பழைய வகை, இன்னும் நிறைய மலிவு போன்ல சைடு பட்டன்லயே இருக்கறது, கெப்பாசிட்டிவ். ரேகையோட மேடு சென்சாரைத் தொடும், பள்ளம் தொடாது, அந்த மின்சார வித்தியாசத்தை அளந்து படம் போடும். வேகமா வேலை செய்யும், விலையும் கம்மி. தண்ணி பட்டாதான் தொல்லை, ஈரம் பள்ளத்தை நிரப்பிடுச்சுன்னா மேடு பள்ளம் எல்லாம் ஒண்ணாத் தெரியும்.

ரெண்டாவது, ஸ்க்ரீனுக்கு அடியில இருக்கற ஆப்டிகல். விரல் வெச்ச இடத்துல ஸ்க்ரீன் பளீர்னு எரியுது பாருங்க, அது விரலுக்கு லைட் அடிச்சு அடியில இருந்து படம் எடுக்குது. எடுக்கறது தட்டையான படம்தான். இருட்டு ரூம்ல அந்த வெளிச்சம் கண்ணைக் குத்தும், பக்கத்துல தூங்கறவங்ககிட்ட திட்டு நிச்சயம்.

மூணாவது அல்ட்ராசோனிக். காதுக்குக் கேக்காத சத்தத்தை அனுப்பி அது திரும்பி வர்றதை வெச்சு மேடு பள்ளத்தோட ஆழத்தையும் அளக்கும். ஈரக் கையையும் ஓரளவு சமாளிக்கும். சாம்சங் 2019ல எஸ்10ல இதைக் கொண்டு வந்துச்சு, அதே வருஷம் அக்டோபர்ல சந்தி சிரிச்சுது: சில சிலிக்கான் கவர் போட்டா பதியாத விரலுக்கும் போன் திறந்துச்சு, இங்கிலாந்துல ஒரு அம்மாவோட போனை அவங்க வீட்டுக்காரர் விரலே திறந்துடுச்சு. காரணம், சென்சார் விரலை விட்டுட்டு கவர்ல இருக்கற வடிவத்தை ரேகைன்னு எடுத்துக்கிட்டது. சாம்சங் அப்டேட் குடுத்து சரி பண்ணுச்சு. இதுல இருந்து நமக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, கடையில டெம்பர்ட் கிளாஸ் ஒட்டினா ஒட்டின பிறகு பழைய விரலை அழிச்சுட்டு புதுசா பதிங்க, அதோட பதியாத ஒரு விரலை வெச்சும் ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. கடைக்காரர் இந்த ரெண்டாவதைச் செய்ய மாட்டார், கூட்டத்துல அவருக்கு நேரமும் இல்ல.

முகம்: பேரு ஒண்ணு, சரக்கு வேற வேற

பெரிய குழப்பமே இங்கதான். "ஃபேஸ் அன்லாக்"னு பெட்டியில ஒரே பேரை அச்சடிச்சுட்டு உள்ள ரெண்டு வேற பொருளை வெச்சிருக்காங்க.

முதலாவது, முன்பக்க செல்ஃபி கேமரா மட்டும். கேமரா ஒரு தட்டையான படம் எடுக்கும், பதிஞ்ச முகத்தோட ஒப்பிடும். ஆழம் தெரியாது. 2011ல ஆண்ட்ராய்டு 4.0ல வந்த முக அன்லாக்ல ஆரம்பிச்சு இன்னைக்கு 700, 800 வெள்ளி (ரிங்கிட்) போன் வரைக்கும் இந்த வகைதான் அதிகம். சாம்சங் கேலக்ஸி எஸ் மாதிரி விலை கூடின போன்லயும் முகம் இந்த வகைதான்ங்கறது பல பேருக்குத் தெரியாது. முகத்தைப் பதியறப்ப சாம்சங்கே ஒரு எச்சரிக்கை காட்டும், உங்க மாதிரி இருக்கற ஆளோ பொருளோ போனைத் திறக்கலாம், பின், பேட்டர்னை விட இது பாதுகாப்பு கம்மின்னு. யாரும் படிக்கறது இல்ல, எல்லாரும் ஓகே அமுக்கிட்டுப் போயிடறோம்.

ரெண்டாவது, ஆழத்தை அளக்கறது. 2017 நவம்பர்ல கடைக்கு வந்த ஐபோன் எக்ஸ்ல ஆப்பிள் இதைப் பெரிய அளவுல கொண்டு வந்துச்சு. ஸ்க்ரீன் மேல இருக்கற அந்தக் கறுப்புப் பட்டைக்குள்ள மூணு சமாச்சாரம்: கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சம் அடிக்கற விளக்கு, முகத்து மேல 30,000க்கு மேல இன்ஃப்ராரெட் புள்ளி தெளிக்கற புரொஜெக்டர், அதைப் படம் பிடிக்கற இன்ஃப்ராரெட் கேமரா. மூக்கு மேல விழற புள்ளியும் கன்னத்துல விழற புள்ளியும் வேற வேற இடத்துக்கு நகரும், அந்த நகர்வை வெச்சு முகத்தோட மேடு பள்ளத்தைக் கணக்குப் போடும். பேப்பர்ல அச்சடிச்ச போட்டோவுல மேடும் இல்ல பள்ளமும் இல்ல, அதனால அங்கேயே அவுட். நீங்க கண்ணைத் திறந்து போனைப் பாக்கறீங்களான்னும் பாக்கும். 2018ல ஹுவாவேயோட மேட் 20 ப்ரோ இதே மாதிரி புள்ளி தெளிக்கற முறையில வந்துச்சு, ஆனா ஆண்ட்ராய்டு பக்கம் இந்த வகை அதிகம் பரவல, கேமரா பட்டைக்கு இடமும் செலவும் ஆகுதில்ல.

நடுவுல கூகிள் பிக்சல் ஒரு தனிக் கதை. 2019ல பிக்சல் 4 ஆழம் அளக்கற முகத்தோட வந்துச்சு, ஆனா ஆரம்பத்துல கண்ணை மூடித் தூங்கறவர் முகத்துக்கும் திறந்துச்சு. 2022ல பிக்சல் 7ல சாதா கேமரா முகம், காசு விஷயத்துக்குச் செல்லாது. 2023ல பிக்சல் 8ல அதே மாதிரி செல்ஃபி கேமராவை வெச்சே மென்பொருளை ரொம்ப மேம்படுத்தி பேங்க் ஆப்புக்கும் செல்லற அளவுக்குக் கொண்டு வந்துட்டாங்க. அதனால "கேமரா மட்டும்னா எப்பவும் மட்டம்"னு சொல்லிடவும் முடியாது.

அந்த மூணு கிளாஸ்

பேங்க் ஆப் மர்மத்துக்கு விடை இங்க இருக்கு. ஆண்ட்ராய்டுல ஒவ்வொரு சென்சாரையும் கூகிளோட விதிப்படி சோதிச்சு கிளாஸ் 3, கிளாஸ் 2, கிளாஸ் 1னு தரம் பிரிக்கணும்.

1. கிளாஸ் 3. போலியை வெச்சு ஏமாத்தற முயற்சியில 7 சதவீதத்துக்கு மேல ஜெயிக்கக் கூடாது. தற்செயலாத் திறக்கற வாய்ப்பு 50,000ல ஒண்ணைத் தாண்டக் கூடாது. பேங்க் ஆப் தன்னோட ரகசியச் சாவியை இதை நம்பித்தான் பூட்டி வைக்கும். 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை பின் நம்பர் கேக்கணும்.

2. கிளாஸ் 2. ஏமாத்தல் 7ல இருந்து 20 சதவீதம் வரைக்கும். ஆப்கள் பயன்படுத்தலாம், ஆனா அந்தச் சாவியை இதுகிட்ட ஒப்படைக்க முடியாது. 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை பின் கேக்கும்.

3. கிளாஸ் 1. 20 சதவீதத்துக்கும் மேல. வசதிக்கு மட்டும், போன் ஸ்க்ரீனைத் திறக்கலாம். எந்த ஆப்புக்கும் இதைக் காட்டவே மாட்டாங்க.

இப்ப புரியுதா? போன் முகத்துக்குத் திறக்குது, பேங்க் ஆப்ல முகம்ங்கற ஆப்ஷனே வரலன்னா உங்க போன் முகம் பெரும்பாலும் கிளாஸ் 1ஆவோ 2ஆவோதான் இருக்கும். அஞ்சு போலியில ஒண்ணு உள்ள போயிடும்ங்கற மாதிரி சரக்கை வெச்சுத்தான் உங்க வாட்ஸ்அப், குடும்ப போட்டோ, ஈமெயில் எல்லாத்தையும் பூட்டியிருக்கீங்க. ஈமெயில் திறந்தா பாஸ்வேர்டு மாத்தற லிங்க் எல்லாம் அங்கதான் வரும்ங்கறதை மறந்துடக் கூடாது.

இன்னொரு சந்தேகமும் இதுலயே தீரும். வீட்டுக்காரம்மா விரலைப் புதுசா சேத்த உடனே பேங்க் ஆப் பாஸ்வேர்டு கேக்குதேன்னு சிலர் எரிச்சல் படறாங்க. புது விரல் சேந்தா பழைய சாவி செல்லாமப் போகணும்ங்கறதுதான் ஆண்ட்ராய்டுல வழக்கமான ஏற்பாடு, யாரோ உங்க பின் நம்பரைத் தெரிஞ்சுக்கிட்டு அவங்க விரலைச் சேத்து பேங்க் ஆப்புக்குள்ள நுழைஞ்சிடக் கூடாதுன்னு. ஆனா நீங்களே பாஸ்வேர்டு போட்டுத் திரும்ப அனுமதிச்சுட்டா அந்தப் புது விரலும் பேங்க்ல உங்க விரல்தான். யூடியூப் பாக்கறதுக்காக புள்ளையோட கட்டை விரலைப் பதிஞ்சு வெச்ச அப்பாமார் கவனிக்க.

ஏமாத்தினவங்க கதை

ஆப்பிள் 2013 செப்டம்பர்ல ஐபோன் 5எஸ்ல டச் ஐடி கொண்டு வந்து சில நாள்லயே ஜெர்மனியோட கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்ங்கற ஹேக்கர் சங்கம் கண்ணாடி மேல பதிஞ்ச ரேகையைப் படம் எடுத்து அச்சு செஞ்சு போலி விரல்ல திறந்து காட்டுச்சு. அடுத்த வருஷம் அதே கிளப்ல ஒருத்தர் ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சரா இருந்த உர்சுலா ஃபான் டெர் லையனோட ரேகையை பத்திரிகைக்காரங்க எடுத்த போட்டோவுல இருந்தே எடுத்ததாக் காட்டினார். முகத்துக்கும் இதே கதி, ஃபேஸ் ஐடி வந்த மாசமே வியட்நாம் கம்பெனி பிகேஏவி முகமூடி செஞ்சு ஏமாத்தினதா வீடியோ விட்டுச்சு. 2023ல சீன ஆராய்ச்சியாளர்கள் சில ஆண்ட்ராய்டு போனைப் பிரிச்சு, சின்ன சர்க்யூட் ஒண்ணை மாட்டி, "இத்தனை தடவைக்கு மேல தப்பா வைக்கக் கூடாது"ங்கற கட்டுப்பாட்டை ஏமாத்தி மணிக்கணக்குல ரேகையை மாத்தி மாத்திப் போட்டுத் திறந்தாங்க. ஐபோன்ல அது பலிக்கல.

இதெல்லாம் படிச்சுட்டு அரண்டு போக வேண்டாம். மஸ்ஜித் இந்தியா கூட்டத்துல உங்க போனை உருவிட்டுப் போறவன் பசையில விரல் செஞ்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டான். போட்டோவைக் காட்டித் திறக்கறது மட்டும் யாரும் செய்யலாம், அதுக்கு லேப் வேண்டாம், அதனாலதான் கேமரா முகத்து மேல எனக்கு நம்பிக்கை இல்ல.

அதைவிட சாதாரணமா நடக்கறது வீட்டுக்குள்ள. 2017 நவம்பர்ல டோஹாவுல இருந்து பாலிக்குப் போன கத்தார் ஏர்வேஸ் விமானத்துல ஒரு அம்மா தூங்கிட்டிருந்த வீட்டுக்காரர் விரலை எடுத்து அவர் போன்ல வெச்சாங்க, உள்ள இருந்ததைப் பாத்துட்டு ரகளை ஆகி, விமானத்தையே சென்னையில இறக்க வேண்டியதாப் போச்சு. விரல் தூங்கறப்பவும் வேலை செய்யும். கண் திறந்திருக்கான்னு பாக்கற முகம் இங்க விரலை ஜெயிச்சிடும்.

நம்ம ஊர்லயே இதைவிடக் கொடூரமா ஒண்ணு நடந்துச்சு, போன் சம்பந்தப்பட்டது இல்ல. 2005ல கோலாலம்பூர் பக்கம் விரல் ரேகை வெச்சா மட்டும் ஸ்டார்ட் ஆகற மெர்சிடிஸ் காரைக் கடத்தினவங்க அதோட சொந்தக்காரர் விரல் நுனியையே பாராங் கத்தியால வெட்டிட்டுப் போயிட்டாங்க. உலகம் பூரா செய்தி ஆச்சு. வெட்டின விரலை சென்சார் ஏத்துக்குமா ஏத்துக்காதாங்கறது அப்புறம், ஏத்துக்கும்னு திருடன் நம்பினாலே ஆபத்து உங்களுக்குத்தான். கத்தியைக் காட்டிக் கேட்டா திறந்து குடுத்துடுங்க, அந்த இடத்துல எந்தத் தொழில்நுட்பமும் உதவாது.

நம்ம கை, நம்ம தோல்

பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஏதாவது வாழை இலை சாப்பாட்டுக் கடை பின்பக்கம் மதிய நேரத்துல நின்னு பாருங்க. காலையில இருந்து பாத்திரம் கழுவி வெள்ளை வெளேர்னு ஊறிப்போன விரலை ஏப்ரன்ல ரெண்டு பக்கமும் துடைச்சு சென்சார்ல வெப்பாங்க, ஒரு அதிர்வு, மறுபடி வெப்பாங்க, மறுபடி அதிர்வு, கடைசியில பின் நம்பர். ஊறின தோல் சுருங்கிடும், ரேகை தற்காலிகமா உருமாறிடும். சிமெண்ட் வேலை செய்யறவங்களுக்கு ரேகை தேய்ஞ்சே போயிடும். தோட்டத்துல வருஷக்கணக்கா ரப்பர் பால்மரம் சீவின பெரியவங்க பேங்க் கவுண்டர்ல ஐசி அடையாள அட்டையைச் சொருகிட்டு கட்டை விரலை வெச்சு வெச்சு ஓய்ஞ்சு போறதும் இதனாலதான். 2001ல மைகாட்ங்கற இந்த சிப் ஐசி வந்ததுல இருந்து கட்டை விரல் ரேகை சிப்புக்குள்ள இருக்கு, ஆனா கையில இருக்கற ரேகை அதோட ஒத்துப் போகணுமே. மருந்தும் ரேகையை அழிக்கும்: கெப்பசிட்டபைன்ங்கற புற்றுநோய் மருந்து எடுத்துக்கிட்ட சிங்கப்பூர்க்காரர் ஒருத்தரை 2008ல அமெரிக்க இமிகிரேஷன்ல ரேகை இல்லன்னு மணிக்கணக்கா நிறுத்தி வெச்சாங்க.

முகத்துப் பக்கம் நம்ம தோல் நிறமும் வருது. 2018ல அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஜாய் புவோலம்வினியும், அவங்களோட சேந்து டிம்னிட் கெப்ருவும் பெரிய கம்பெனிகளோட முகம் பாத்து ஆணா பெண்ணா சொல்ற மென்பொருளைச் சோதிச்சாங்க, கறுத்த தோல் பெண்களுக்கு 34.7 சதவீதம் வரைக்கும் தப்பு, வெளுத்த தோல் ஆண்களுக்கு அதிகபட்சம் 0.8. 2019 டிசம்பர்ல அமெரிக்காவோட தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட அறிக்கையில பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை வேற ஆளோட குழப்பிக்கறது வெள்ளைக்காரங்களை விட 10ல இருந்து 100 மடங்கு வரைக்கும் அதிகம்னு வந்துச்சு, ஆசியாவுல உருவாக்கின சிலதுல ஆசிய முகங்களுக்கு அந்த வித்தியாசம் இல்ல. இந்த ரெண்டு ஆய்வும் போன் அன்லாக்கைச் சோதிச்சது இல்ல, கலந்துடக் கூடாது. ஆனா சாதா கேமரா முகம் வெளிச்சத்தையும் பழகின முகங்களையும் நம்பி இருக்குங்கறதால, ராத்திரி மங்கின வெளிச்சத்துல நம்ம முகத்துக்கு அது தடுமாறினா ஆச்சரியம் இல்ல. இன்ஃப்ராரெட் தன் வெளிச்சத்தைத் தானே கொண்டு வருது, இருட்டு அதுக்குப் பிரச்சினை இல்ல.

ரெட்டைப் பிள்ளைங்க இருந்தா முகத்தை விட்டுடுங்க. ரெட்டை, உருவம் ஒத்த அண்ணன் தம்பி, 13 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்களுக்கு ஃபேஸ் ஐடி தப்பா ஒத்துக்கற வாய்ப்பு அதிகம்னு ஆப்பிளே சொல்லுது. ஒரே கருவுல வந்த ரெட்டையருக்கும் கைரேகை வேற வேறதான்.

பேங்க் கேக்கற "முகம்" வேற

மேல சொன்ன வில்லங்கம் இதுதான். போனைத் திறக்கற முகம் போனை விட்டு வெளிய போகாது. ஆனா ஆன்லைன்ல புதுக் கணக்கு திறக்கறப்ப, இ-வாலட்ல சரிபார்ப்பு பண்றப்ப "ஐசியைப் படம் எடு, முகத்தை வட்டத்துக்குள்ள வை, கண் சிமிட்டு, தலையைத் திருப்பு"ன்னு வருதே, அது இ-கேஒய்சி. அங்க உங்க முகப் படம், வீடியோ நிஜமாவே நெட் வழியா கம்பெனி சர்வருக்குப் போகுது, ஐசி படத்தோட ஒப்பிடறாங்க. ரெண்டுக்கும் திரையில வர்றது ஒரே மாதிரி வட்டம்தான், நடக்கறது தலைகீழ்.

மோசடிக்காரங்க இதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. 2024 பிப்ரவரியில குரூப்-ஐபிங்கற பாதுகாப்பு நிறுவனம் கோல்டுபிக்ஆக்ஸ்னு ஒரு தீங்கு மென்பொருளைப் பத்தி சொல்லுச்சு. அரசாங்க ஆப் மாதிரி வேஷம் போட்டு தாய்லாந்துல ஆளுங்களோட முக வீடியோவையும் அடையாள அட்டைப் படத்தையும் வாங்கி, போலி முகம் செஞ்சு பேங்கை ஏமாத்தற ஏற்பாடு. ஃபேஸ் ஐடியை யாரும் உடைக்கல, ஆளுங்களே முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக் குடுத்தாங்க. நம்ம ஊர்ல வாட்ஸ்அப்ல கல்யாண அழைப்புன்னு ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு ஆப்பை இன்ஸ்டால் பண்ற ஃபைல்) வருதே, அந்த மாதிரி வழியாத்தான் இதெல்லாம் உள்ள வரும். ஆப் ஸ்டோர்ல, பிளே ஸ்டோர்ல இல்லாத ஆப் ஒண்ணு முகத்தைக் கேட்டா குடுக்காதீங்க.

சட்டப்படி 2024ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி உடற்கூறு அடையாளத் தரவையும் முக்கியத் தரவு வகையில சேத்துட்டாங்க, திருத்தம் 2025ல படிப்படியா அமலுக்கு வந்துச்சு. கம்பெனிகளுக்குத்தான் அது, மத்திய அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது.

எல்லாம் கடைசியில பின் நம்பர்லதான் நிக்குது

முன்கதவுக்கு ஆயிரம் வெள்ளி பூட்டு போட்டுட்டு பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டி வெச்ச வீடு மாதிரிதான் பல பேர் போன். முகம் கிளாஸ் 3, விரல் அல்ட்ராசோனிக், பின் நம்பர் பொறந்த வருஷம். பின் தெரிஞ்சவன் புது விரல் சேக்கலாம், புது முகம் சேக்கலாம், கணக்கையே மாத்தலாம். அமெரிக்காவுல பார்ல உக்காந்திருக்கறவங்க பாஸ்கோட் போடறதை எட்டிப் பாத்துட்டு அப்புறம் போனைத் திருடற கும்பல்களால அல்லோலகல்லோலம் ஆகி, 2024 ஜனவரியில ஐஓஎஸ் 17.3ல ஆப்பிள் ஒரு பாதுகாப்பு கொண்டு வந்துச்சு: வீடு, ஆபீஸ் மாதிரி பழகின இடத்துக்கு வெளிய முக்கியமான மாத்தங்களுக்கு முகமோ விரலோ கட்டாயம், சிலதுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேணும். இந்த ஏற்பாட்டுல மட்டும் விரலும் முகமும் பின்னை விட மேல நிக்குது. பொது இடத்துல விரல் வைக்கறதோட பெரிய லாபமும் இதுதான், எல்ஆர்டி ரயில்ல பக்கத்து சீட்டுக்காரருக்குப் பாக்க ஒண்ணும் இல்ல.

போலீஸ் கேட்டா என்னன்னு ஒரு கேள்வி வரும். அமெரிக்காவுல பாஸ்கோட் சொல்ல மறுக்கலாமா, விரல் வைக்க மறுக்கலாமான்னு கோர்ட்டுங்க ஆளுக்கொரு பக்கம் தீர்ப்பு சொல்லிட்டிருக்கு, அதைப் படிச்சுட்டு இங்க அதே மாதிரின்னு நினைக்கறவங்க உண்டு. நம்ம குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 116பி, சோதனை நடத்தற போலீஸ் அதிகாரிக்கு கம்ப்யூட்டர் தரவைப் பாக்க வழி விடணும்னு சொல்லுது, பாஸ்வேர்டும் அதுல அடங்கும். விரலா பின்னாங்கற வித்தியாசம் இங்க அவ்வளவு எடுபடாது.

அப்ப யாருக்கு எது

1. ஃபேஸ் ஐடி உள்ள ஐபோன், இல்ல பேங்க் ஆப் முகத்தை ஏத்துக்கற ஆண்ட்ராய்டு: முகம் போதும். ஐபோன் 12ஓ அதுக்குப் பிறகு வந்ததோன்னா 2022 மார்ச்ல வந்த ஐஓஎஸ் 15.4ல இருந்து மாஸ்க் போட்டுக்கிட்டும் திறக்கலாம்.

2. மத்த ஆண்ட்ராய்டு எல்லாத்துக்கும் விரல். கேமரா முகத்தை அணைச்சுடுங்க, வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்ல. முகம் கண்டிப்பா வேணும்னா கண் திறந்திருந்தாதான் திறக்கணும்ங்கற செட்டிங்கையாவது போடுங்க.

3. மோட்டார்ல டெலிவரி ஓட்டறவங்க: முழு ஹெல்மெட்டுக்குள்ள முகம் தெரியாது, கிளவுஸ் போட்டா விரல் எடுக்காது. ஒரு கை கிளவுஸைக் கழட்டறது சுலபம், அதனால விரல், அதுவும் சைடு பட்டன் போன்.

4. கைவேலை செய்யறவங்க: வேலை செய்யற கையில தேயாத விரலைப் பதிங்க, சுண்டு விரல், மோதிர விரல் பெரும்பாலும் தப்பிச்சிருக்கும். கை காஞ்சிருக்கறப்ப ஒரு தடவை, வேலை முடிஞ்ச கையோட இன்னொரு தடவைன்னு ஒரே விரலை ரெண்டு தடவை பதியலாம்.

5. ரேகையே எடுக்காத பெரியவங்க: ஆறு இலக்கத்துக்குக் குறையாத பின், பொறந்த நாளும் வேண்டாம், கார் நம்பரும் வேண்டாம். அவங்க போன்ல பேரன் பேத்தி விரலைப் பதிஞ்சு வைக்கறது அன்புதான், ஆனா அந்தப் போன்ல பேங்க் ஆப் இருந்தா வேண்டாம்.

6. சட்டுனு விரலையும் முகத்தையும் முடக்கணும்னா ஐபோன்ல சைடு பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேத்து சில விநாடி பிடிங்க, ஆண்ட்ராய்டுல பவர் மெனுவுல லாக்டவுன். அடுத்த தடவை பின் போட்டாதான் திறக்கும்.

7. போன் தொலைஞ்சா முதல்ல பேங்கோட 24 மணி நேர மோசடி ஹாட்லைன், கணக்குல இருந்து காசு ஏற்கனவே போயிருந்தா தேசிய மோசடி உதவி மையத்தோட 997. "என் ரேகையும் சேந்து போச்சே"ன்னு அலற வேண்டாம், டெம்ப்ளேட் அந்தப் பகுதியை விட்டு வெளிய வராது. கடைசியா எங்க, யார் முன்னாடி பின் நம்பர் போட்டீங்கன்னு யோசிச்சு பேங்க்கிட்ட அதைச் சொல்லுங்க.